முந்திரி ஆலை முதலாளிமார்களுக்கு: ஒரு காலைப்பொழுது கேட்கிறேன்

குமரி மாவட்டத்து முந்திரி ஆலை முதலாளிமார்களுக்கு வணக்கம்.

என் மைனி (அண்ணன் மனைவி) 28 வருஷம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் எடுத்தவர். சில வருஷங்களுக்கு முன் சாயங்காலமானால் அவருக்குக் கால் வீங்கும். செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. "நாள் முழுக்க இருந்தே செய்யுத வேலைதானே" என்பார். நாங்களும் அதையே நம்பினோம். ஒருநாள் மூச்சு முட்டி, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருஷமாகவே இருந்திருக்கின்றன. அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. "கொஞ்சம் வெள்ளன வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர்.

இப்போது வாரம் மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் ஆட்டோக் கூலி யார் தருவார்? அண்ணன் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். கூடப் போகிற நாளெல்லாம் அவர் கூலியும் போகிறது. மகளின் வளையல் அடகில் இருக்கிறது. காப்பீடு கட்டுகிற பணமும் நம் எல்லாருடைய வரிப்பணம்தான்.

சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு முதலில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியும். அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, சோதித்தால்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற மாத்திரைகளைக் கொண்டே பல வருஷம் தள்ளிப்போடலாம்.

பிறகு ஏன் மைனி போகவில்லை? உங்கள் ஆலைகளில் எடைக்குத்தான் கூலி. சோதனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு.

தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே வந்து சோதிக்க 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று அரசுத் திட்டமே இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தை அழையுங்கள். 30 வயது தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. காலையில் இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைகளுக்கு மறைவு வேண்டும், அதற்குச் சுகாதார நிலையத்துக்கே கூலியோடு அரை நாள் அனுப்புங்கள். தனியார் லேப் விளம்பரப்படுத்தும் ஆயிரக்கணக்கான ரூபாய் 'மாஸ்டர் செக்கப்' எதையும் நான் கேட்கவில்லை.

கண்டுபிடிப்பதோடு வேலை முடியாது. மாத்திரை வாங்க மாதம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் வேண்டும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: சோதனை முடிவு சுகாதாரப் பணியாளருக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் தெரியட்டும், ஆலை ஆபீசுக்கு வர வேண்டாம். தீனம் (நோய்) என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மைனியின் பக்கத்தில் இருந்து வேலை பார்த்த பெண்கள் இன்றும் கால் வீக்கத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளியின் நாத்தனார்