செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

"வந்திருக்கும்" என்பதை யோசித்துத்தான் எழுதினேன். போன வருடமும் இதே கதிரைகள்தான் போட்டோம், இதே அளவுதான் மிஞ்சின.

நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. ஐந்து தடவைதான் கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் (கோரம்) இருந்தார்கள். பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. டெங்குச் சிரமதானம் இரண்டு முறை. வாணி விழா, ஒளி விழா இரண்டும் குறைவின்றி நடந்தன. புலமைப்பரிசில் மாணவர் பாராட்டு மழையால் தள்ளிப்போனது. பிறகு நடக்கவே இல்லை.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். ஒழுங்கை முடிவில் உள்ள பொதுக் காணியில் 24 அடிக்கு 16 அடியில், சுற்றிவரத் திறந்த ஒரு சிறு மண்டபம் கட்டுவதென்று போன பொதுக்கூட்டம் தீர்மானித்தது. கொங்கிறீட்டில் போடலாம் என்றார்கள் சிலர். 2022இல் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாவைத் தாண்டியபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதைவிட, வெள்ளவத்தையில் கடற்காற்று யன்னல் கம்பியைக்கூட விட்டுவைப்பதில்லை. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்து ஊதினால் தட்டுப் பெயரும். நமது பகுதியில் மாதம் ஒரு பழைய வீடாவது உடைபடுகிறது. முதிரை, பலா, தேக்கு எல்லாம் லொறி ஏறிப் போகின்றன. அவற்றில் கொஞ்சத்தை நாம் எடுத்தால் என்ன என்றுதான் கேட்டேன்.

"என்ன செயலாளர், பழைய சாமான் கடை போடுறீங்களோ?" என்று வட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு தகவல்: கொள்ளுப்பிட்டியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தமக்கென்று அமைத்த வீட்டில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன. அவர் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டை 2009இல் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெந்தோட்டைக்குக் கொண்டுபோய்ப் பின்னர் திரும்பக் கட்டினார்கள். அதைப் பழைய சாமான் என்று யாரும் சொல்லவில்லை.

பழையதெல்லாம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அஸ்பெஸ்டஸ் தகடு இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் அன்போடு முன்வந்தார். அதை வெட்டினால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்று மறுத்தேன். அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

தூண்களும் தீராந்திகளும் (உத்திரங்களும்) உடைத்த வீடொன்றிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டே எடுத்தோம். மொத்தென்று கேட்டால் உள்ளே உக்கல். ஆணி பிடுங்கவே நான்கு சனிக்கிழமைகள் போயின. பலாத் தீராந்தி ஒன்றைத் தச்சு பாஸ் அறுத்தபோது, கறுத்துக் கிடந்த மரத்துக்குள்ளிருந்து மஞ்சள் தூள் கொட்டியது. அன்று அதைப் பார்க்க என்னோடு நின்றவர்கள் இருவர். கறையானுக்கும் சாரலுக்கும் பயந்து தூண்களைக் கருங்கல் மேல் நிறுத்தினோம். வழிப்போக்கர் தங்கிய பழைய அம்பலங்களில் செய்த வேலைதான். அரைச்சுவருக்குக் கபுக்கல் (செம்புறைக்கல்), சுண்ணாம்புச் சாந்து. சாந்து இறுக நாளெடுக்கும், சீமெந்துபோல் அவசரப்படுத்த முடியாது.

அவசரப்பட்டது நாம்தான். சித்திரைப் புத்தாண்டுக்குத் திறக்கவேண்டும் என்று நிர்வாக சபை பிடித்த பிடியில், மரம் மிச்சம் பிடிக்கலாமென்று கூரையை 20 பாகைச் சரிவில் போட்டுவிட்டார்கள். களிமண் ஓட்டுக்கு 30 பாகையாவது வேண்டும் என்று நான் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. மே மாதம் தென்மேல் பருவமழை காற்றோடு வந்தது. தண்ணீர் ஓட்டுக்கடியால் ஏறி உள்ளே கொட்டியது. எல்லா ஓட்டையும் இறக்கி, முகட்டை இரண்டடி உயர்த்தினோம். இறக்கியதில் பத்துக்கு ஒன்று உடைந்தது. இந்தச் செலவையும் என் தலையில் கட்டுவது நியாயமல்ல.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். "ஏறக்குறைய" என்ற இடத்தில் உள்ள தொகையை நான் சங்கத்துக்குக் கைமாற்றாகத் தந்திருக்கிறேன். லொறிக் கூலி இரண்டுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வீடு உடைக்கிற இடத்தில் பற்றுச்சீட்டுக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சந்தா மாதம் 200 ரூபா. பாதிப்பேருக்கு மேல் மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போனால், "முதல்ல அதைக் கட்டி முடியுங்கோ, பிறகு தாறம்" என்கிறார்கள். எதைக் கொண்டு முடிப்பது என்று கேட்டால் தேத்தண்ணி தருகிறார்கள்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், சனிக்கிழமைகளில் வந்த அந்த ஆறு பேருக்கும், சாப்பாடு அனுப்பிய மாதர் அணிக்கும், பாஸ்மாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பதவிக்கு யாரும் முன்வரலாம். விண்ணப்பம் கோரி ஒரு மாதமாகிறது, இதுவரை ஒன்றும் வரவில்லை. யார் வந்தாலும் முதல் வேலை ஓடுதான். வடக்குப் பக்கத்துக்கு இன்னும் 200 ஓடு வேண்டும். இப்போது கிடுகு போட்டு மூடியிருக்கிறோம். மூலை வீடு தை மாதம் உடைபடப்போவதாகக் கேள்வி. வீட்டுக்காரர் நமது அங்கத்தவர், இன்று இங்கேதான் இருக்கிறார். அவருடைய சந்தாப் பாக்கி பற்றி இந்த அறிக்கையில் நான் எதுவும் எழுதவில்லை.

செயலாளர்