கயிற்றுக் கணக்கில் 60 பாகை எங்கே போடுவது

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். சேற்றில் புதைந்த ட்ரக்டரை இரண்டு கயிற்றால் இழுக்கிற கணக்கு: ஒன்றில் 4000 நியூட்டன், மற்றதில் 3000, இடைக்கோணம் 60 பாகை. 1 செ.மீ.க்கு 500 நியூட்டன் என்ற அளவிடை நல்ல தெரிவு. 8 செ.மீ., 6 செ.மீ. அம்புக்கோடுகளும் சரி. ஆனால் விளையுள், அதாவது இரண்டு இழுப்பும் சேர்ந்து தரும் ஒற்றை விசை, 7.2 செ.மீ., 3600 நியூட்டன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கயிறும் முன்னுக்கே இழுக்கும்போது ஒற்றைக் கயிற்றின் 4000ஐ விடக் குறையுமா பிள்ளை?

பிழை கோணத்தில்தான். இடைக்கோணம் என்பது இரண்டு அம்பின் வாலும் ஒரே புள்ளியில் இருக்கும்போது அளப்பது. நீ இரண்டாவதின் வாலை முதலாவதின் தலையில் வைத்துவிட்டு, முக்கோணத்துக்கு உள்ளே 60 போட்டுவிட்டாய். முதல் அம்பை அதே திசையில் புள்ளிக்கோடாக நீட்டு. அந்த நீட்டலில் இருந்து 60 பாகை திருப்பி 6 செ.மீ. கீறு, உள்ளே 120 வரும். இப்போது முதல் வாலில் இருந்து கடைசித் தலைக்கு அளந்தால் 12.2 செ.மீ., ஏறத்தாழ 6100 நியூட்டன். திசை, 4000 கயிற்றில் இருந்து மற்றக் கயிற்றுப் பக்கமாக 25 பாகை. திசை எழுதாத விளையுள் அரைவிடைதான்.

உன்ர 3600 வருவதென்றால் கயிறுகளை 120 பாகைக்கு விரிக்கவேண்டும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே காலபோக நெல்வயலில் இதைக் காணலாம்: ஆளுக்கொரு வரம்பில் விலகி நின்று இழுத்தால் பலத்தின் பெரும்பங்கு பக்கவாட்டில் போய்விடும், ட்ரக்டர் இலகுவில் அசையாது.

அளக்கமுதலே ஒரு சோதனை செய். 90 பாகை என்றால் 6, 8, 10. விளையுள் 10 செ.மீ. கோணம் அதைவிடச் சிறிதென்றால் 10ஐத் தாண்டியே ஆகவேண்டும். கூட்டினால் வரும் 14 செ.மீ.க்கும் கழித்தால் வரும் 2 செ.மீ.க்கும் நடுவில் நிற்குமோ என்று மட்டும் பார்ப்பது இந்தப் பிழையைப் பிடிக்காது, உன்ர 7.2உம் அதற்குள்தான் நிற்கும்.

பென்சிலைக் கூராக்கு. இந்த அளவிடையில் 1 மி.மீ. தவறினாலே 50 நியூட்டன் போய்விடும். பாகைமானியில் 1 பாகை பிசகினால் 30 நியூட்டன்.

மூன்றாவது கயிறு வந்தால் அதன் வாலைக் கடைசித் தலையில் வை, ஒழுங்கு மாறினாலும் விடை ஒன்றுதான். கடைசித் தலை முதல் வாலிலேயே வந்து முட்டினால் விளையுள் பூச்சியம்.

திருத்திக் கீறி இரவைக்குப் படம் அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா