கைக்கு வந்தது விற்றுமுதல் ஆகாது

திருச்சி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மதுரைச் சுங்குடிச் சேலைகளுக்கு இணைய விற்பனைத் தளம் வழியே பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் ஆர்டர் வருவதாக நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே பேரன் நடக்கத் தொடங்கிவிட்டதால், என் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் பரண் ஏறிவிட்டன.

வங்கியில் வந்து விழும் தொகையைத்தான் விற்பனையாகக் குறித்து வருவதாக நீ எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஜிஎஸ்டி சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குச் சேலை விற்று, தளத்தின் கமிஷனும் கூரியரும் போக 780 ரூபாய் உனக்கு வந்தால், 5 சதவீத வரியை நீக்கிய 952 ரூபாய்தான் உன் விற்றுமுதல், அதாவது செலவு கழிக்காத விற்பனை மதிப்பு. கமிஷனும் கூரியரும் செலவுக் கணக்கில் ஏறவேண்டியவை. விற்பனைத் தளம் அரசுக்குத் தெரிவிப்பதும் முழு விற்பனையைத்தான் என்பதால், உன் வருமான வரிப் படிவத்தில் குறைந்த தொகை இருந்தால் வித்தியாசம் உடனே கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் பேசி, ஜிபேயில் பணம் வாங்கி விற்ற சேலைகளும் இந்தக் கணக்கில் சேரவேண்டும்.

தளம் இரண்டு பிடித்தங்கள் செய்கிறது. 2024 அக்டோபரிலிருந்து வருமான வரிக்காக 0.1 சதவீதம் (தனிநபரின் ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து பான் எண்ணும் கொடுத்திருந்தால் இது இல்லை). 2024 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதம். இரண்டும் உன் பணமே. முன்னது 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலில் தெரியும், ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பின்னதை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் நுழைந்து நீ ஏற்றுக்கொண்டால்தான், வரி கட்டப் பயன்படும் உன் ரொக்கப் பேரேட்டில் வரவாகும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தளத்தின் வழியே வெளிமாநிலத்துக்கு விற்கும் உனக்கு அந்தச் சலுகை பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். தளத்தின் வழியே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்குத்தான் 2023 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு. பதிவு எடுத்த பிறகு, ஒரு சேலைகூட விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன் (ஜிஎஸ்டி கணக்குப் படிவம்) தாக்கல் செய்யவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும்.

வருமான வரியில், வங்கி வழியே வந்த விற்பனைக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான முறை, உன் அளவு வியாபாரத்துக்கு எளிது. ஆனால் சேலைக்கு நீ சொல்லும் லாபம் அதைவிட அதிகம் என்பதால், உள்ளதையே காட்டுவதுதான் முறை என்பது என் கருத்து.

தளம் உனக்குத் தந்த பணத்தின் கணக்கான இம்மாத செட்டில்மென்ட் அறிக்கையையும் உன் பில் புத்தகத்தையும் அனுப்பு. இரண்டையும் ஒத்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்