முள்ளுக்காட்டுக்கு ஒரு வக்காலத்து

மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம், என் சர்க்கரையைத் தவிர. போன் எடுக்காததுக்கு நேரில் திட்டிக்கோ. இப்போ விஷயத்தைக் கேள்.

எங்க குடியிருப்புச் சங்கத்தில் புதுசா ஒரு ஞானோதயம். தென்சென்னையில் இருக்கிற நன்மங்கலம் காடு சும்மா முள்ளுப்புதரா கிடக்குதாம். வேம்பும் புங்கையும் நட்டுப் பச்சைப்பசேல்னு ஆக்கணும்னு வனத்துறைக்கு மனு கொடுக்கப் போறாங்க. பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-ல் ராம்சர், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்ங்கிற அங்கீகாரம் கிடைச்சப்போ கேக் வெட்டினதும் இதே கூட்டம்தான்! எல்லாம் ஜோசியக்கிளி ரகம். கை தூக்கச் சொன்னா ரெண்டு கையையும் தூக்குவாங்க. நான் எழுந்துட்டேன். எழுந்தா நான் உட்கார மாட்டேன்னு உனக்குத் தெரியும்.

அந்தக் காடு சுமார் 320 ஹெக்டேர்தான் இருக்கு, சுத்தி நாலு பக்கமும் அபார்ட்மென்ட். காரை, சூரை, களான்னு குத்துச்செடிகளே அதோட இயல்பு. அந்தப் பழங்களைத் தின்னு விதை பரப்ப சின்னான் குருவி இருக்கு. கௌதாரி, பக்கிங்கிற ராத்திரிப் பறவை, ஆள்காட்டி மூணுமே தரையில் முட்டையிடுறவை. அடைகாக்கிற பக்கியைச் சருகிலிருந்து பிரிச்சுப் பார்க்க எனக்கே கண் போதாது, குழி வெட்டுற மண்வெட்டிக்கா தெரியும்? இமயமலை அடிவாரம் வரைக்கும் போய்க் குஞ்சு பொரிச்சிட்டு ஐப்பசி வாக்கில் திரும்புற ஆறுமணிக்குருவிக்கும் புதரடிச் சருகுதான் சாப்பாட்டுத் தட்டு.

கொம்பன் ஆந்தை இன்னும் வேடிக்கை. கூடெல்லாம் கட்டாது, கைவிட்ட கல்குவாரியில் பாறைத் திட்டிலேயே முட்டை. கீழே கிடந்த அதன் கக்கலை, அதான் செரிக்காம வாயால் கக்கின உருண்டையை, குச்சியால் கிளறினேன். சாம்பல் மயிருக்குள்ளே எலி மண்டையோடு, மஞ்சள் முன்பல்லோட. தன் கார் ஒயரை எலி கடிச்சதுன்னு கூட்டத்திலேயே புலம்பின செயலாளரிடம் இதைச் சொன்னா, "ஆந்தையா? அபசகுனம் சார்"ங்கறார். இவரை என்ன செய்யலாம், சொல்லு.

சீமைக்கருவேலத்தை எடுக்கணும்னா நானே முதல் ஆளா வர்றேன். அதையும் ஒரே நாளில் ஜேசிபி விட்டு மொட்டையடிச்சா, உள்ளே அடைஞ்சிருக்கிற கௌதாரிக்குப் போக இடம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, காரையும் களாவும் தானா எழ விடணும். பயமா இருக்குடா. மரம் வெட்டுறவனை எதிர்த்தா ஊரே கூட வரும். நடுறவனை எதிர்த்தா நான்தான் வில்லன்.

எதிர்மனு எழுதிட்டேன், இத்தோட வச்சிருக்கேன். நீ தாவரவியல் படிச்சவன், செடிப் பேரெல்லாம் சரிபார்த்துச் சனிக்கிழமைக்குள்ளே அனுப்பு. அடுத்த கூட்டத்துக்கும் வந்துடு. பேச வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினா போதும். காபி, போண்டா என் செலவு.

உன்
வில்லன்