ஓட்ட வரிசையையும் கேட்டு வாங்குங்கள்

உயிர்வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம். மூலக்கூறுகளை அயனிகளாக்கி எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தரவை நம்பி எழுதிய கட்டுரை உங்களிடம் வந்தால், மாதிரிகள் கருவியில் எந்த வரிசையில் ஓடின என்ற பட்டியலையும், தரத்தைச் சரிபார்க்க இடையிடையே ஓட்டிய கியூசி மாதிரிகளின் அளவீடுகளையும் கேளுங்கள். அவை வராத கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோயாளிகளின் பிளாஸ்மாவை முதல் நாளும் மற்றவர்களுடையதை மறுநாளும் ஓட்டினோம். பல லிப்பிடுகள், அதாவது கொழுப்பு மூலக்கூறுகள், பளிச்சென்று வேறுபட்டன; எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒருநாள், எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்த்திருந்த டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஒப்பீட்டுப் பொருளின், அதாவது இன்டர்னல் ஸ்டாண்டர்டின், பீக்கை (கருவி காட்டும் சமிக்ஞையின் முகட்டை) நேர வரிசையில் வரைந்து பார்த்தேன். முதல் ஓட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பாதிக்கும் கீழே கிடந்தது. மாதிரி அயனிகளாக மாறும் அயனி மூலத்தைத் திறந்தால், அயனிகள் கருவிக்குள் நுழையும் கூம்பின் வாயைச் சுற்றிப் பழுப்பாக ஒரு படிவு. நோயின் அடையாளம் என்று நாங்கள் கொண்டாடியது அந்த அழுக்கைத்தான். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நாளும் நோயும் ஒன்றாகவே மாறியிருந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது?

2002இல் லான்செட்டில், இரத்தச் சீரத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி காட்டும் புரதக் கோலங்களை வைத்தே சூலகப் புற்றுநோயை அறியலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. அந்தக் குழு பொதுவில் வைத்த தரவுகளைப் புள்ளியியலாளர் கீத் பேகர்லியும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி அலசி, வேறுபாடுகள் மாதிரிகளைக் கையாண்ட விதத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று 2004இல் எழுதினார்கள். தரவு வெளியில் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

செய்ய வேண்டியது பெரிய வேலையே இல்லை. எல்லா மாதிரியிலிருந்தும் சிறிது எடுத்து ஒன்றாகக் கலந்து, ஐந்து பத்து மாதிரிகளுக்கு ஒருமுறை அந்தக் கலவையை ஓட்டினால் போதும். அதுதான் கியூசி மாதிரி. ஒரே திரவம்; அதன் அளவீடு தள்ளாடினால் தள்ளாடுவது கருவிதான். அதில் 30 சதவீதத்துக்கு மேல் சிதறும் பீக்கை எவரும் முடிவாகக் காட்டக் கூடாது. மாதிரி சேர்க்காத பிளாங்க் ஓட்டங்களும் வேண்டும், மாதிரி வரிசையைக் குலுக்கிப் போடவும் வேண்டும். மருந்து அளவீட்டில் இந்தக் கண்டிப்பு ஏற்கெனவே இருக்கிறது: மருந்து விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பு 2022இல் ஏற்ற எம்10 வழிகாட்டியின்படி, அளவு தெரிந்த கியூசி மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்காவது குறித்த மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்காவிட்டால் அந்த ஓட்டமே தள்ளுபடி.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நாங்கள் அன்று ஓட்டிய பிளாஸ்மா தீர்ந்துபோய்விட்டது. மறுபடி ஓட்டிப் பார்க்க ஒரு துளிகூட மிச்சமில்லை.

இப்படிக்கு,
கருவியை ஓட்டும் ஒருத்தி