ஓரத்தில் ஆறு பாயிண்டில் ஒரு பெயர்: சிவகாசி காலண்டர் அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நேரில் அண்ணாச்சி என்றே அழைத்துப் பழகியவன் நான்; ஒருவருக்கு அல்லாமல் எல்லோருக்குமாக எழுதுவதால் இம்முறை மடலுக்குரிய முறைப்படி தொடங்குகிறேன். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை நீங்கள் வெளியிடும்போது, அதன் ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் பல வாரங்கள் கணினி முன் அமர்ந்த ஒரு டிசைனர் இருக்கிறார் என்பதும், அவருடைய பெயர் அந்த ஆல்பத்தில் எங்குமே இருப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெயரைப் பற்றியதே இம்மடல்.

எங்கள் அன்றாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலண்டருக்கு ஆர்டர் தரும் பார்ட்டி தம் கடையின் சின்னத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார். அது சுருங்கி, ஓரங்கள் பிசிறடித்து வந்து சேரும். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால், "போனில் நன்றாகத்தானே தெரிகிறது" என்பார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த முகவரி யூனிகோடு எழுத்துருவுக்கு வந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். அதை மறுபடி அடித்து, சரிபார்க்கப் புரூஃப் அனுப்பி, மூன்றாவது கரெக்‌ஷனும் முடிந்த பிறகுதான் கடையின் தொலைபேசி எண்ணே மாறிவிட்டது என்ற செய்தி வரும். கைபேசித் திரையில் மின்னிய கிளிப்பச்சை நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பழி மைக்கோ தாளுக்கோ போவதில்லை, டிசைனருக்கே வருகிறது. அண்மைக்காலமாக ஏஐ வரைந்த முருகன் படங்களைப் பார்ட்டிகளே கொண்டுவருவதால், சாமியின் கைவிரல்களை எண்ணிப் பார்ப்பதும் எங்கள் வேலையோடு சேர்ந்துவிட்டது. இவை தொழிலோடு வருபவை. இவற்றுக்காக நான் எழுதவில்லை. ("அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பதை மட்டும் யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.)

எட்டு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு வேறோர் ஊரில் வேலை கேட்டுப் போனபோது, நான் செய்தவற்றைக் காட்டச் சொன்னார்கள். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அவர்களுடைய சுவரிலேயே தொங்கிய காலண்டரின் பிள்ளையார் அட்டை நான் வடிவமைத்தது என்று சொன்னேன், சிரித்தார்கள். அதற்கு முன்பு ஒருமுறை என் வடிவமைப்பொன்றை இன்ஸ்டாகிராமில் இட்டிருந்தேன். மாலைக்குள் நீக்கச் சொல்லி அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் காலண்டரோ அப்போது ஊரெங்கும் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் வீடுகளின் பூஜையறைகளுக்குப் போயின. படத்தோடு அவருடைய கையெழுத்தும் சேர்ந்தே போனது. தூரிகையின் இடத்துக்குக் கணினி வந்த பிறகு அந்தக் கையெழுத்து மட்டும் ஏன் வழக்கொழிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

சம்பளத்துக்குச் செய்த வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதலாளிக்கே உரியது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. நான் கேட்பது இந்த இரண்டாவதை மட்டுமே.

பெயர் வெளியே தெரிந்தால் பக்கத்து அச்சகம் ஆளை இழுத்துக்கொள்ளும் என்ற உங்கள் அச்சம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயரே தெரியாத நிலையிலும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்; பெரும்பாலும் சம்பளத்துக்காக, சில நேரம் மரியாதைக்காக. ஆல்பம் வெளியாகும் முன் எதையும் யாருக்கும் காட்டக் கூடாது என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. வெளியான பிறகு, பார்ட்டியின் பெயரை நீக்கிவிட்டு எங்கள் மாதிரித் தொகுப்பில் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி தாருங்கள்; ஆல்பத்தில் உங்கள் அச்சகத்தின் பெயர் வரும் ஓரத்திலேயே வடிவமைத்தவரின் பெயரையும் சேருங்கள். ஆறு பாயிண்ட் அளவில் சிறிய எழுத்து போதும். அதற்குத் தனி பிளேட் தேவையில்லை, கூடுதல் மையும் இல்லை.

வரும் ஆடிப்பெருக்கு ஆல்பத்திலேயே, எல்லாத் தாள்களிலும் இல்லாவிட்டாலும் சாமி படங்களிலாவது, இதைத் தொடங்கலாம். எழுத்துப்பிழையில்லாமல் அந்த வரியை அமைத்துத் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஒரு டிசைனர்