கடைசிக் காட்சியைப் பற்றி நீ எழுதியதற்கு

ஜெர்சி சிட்டி,
ஜனவரி 2026

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நடந்த 'மெரிலி வீ ரோல் அலாங்' இசை நாடகத்தை அப்படியே படமாக எடுத்திருக்கிறார்களே, அதைச் சியாட்டிலில் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதத்தை உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். நாடகத்தின் கடைசி நாளுக்கு வர முடியாமல் போன வருத்தம் இனி உனக்கு இல்லை என்றும், படத்திலேயே எல்லாம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். உன் மனம் ஆறியதில் எனக்கு நிறைவுதான். ஆனால் எல்லாம் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் படம் 2024 ஜூன் மாதத்தில் ஹட்சன் அரங்கில் எடுக்கப்பட்டது. கடைசிக் காட்சி நடந்ததோ ஜூலை 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று அரங்க வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டவை எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. எனக்கு அந்த நாளில் பாதி அந்தப் பேச்சுதான். அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

மேற்கு 44ஆம் தெருவில் நல்ல வெயில். கதவு திறப்பதற்கு நெடுநேரம் முன்பே வரிசை நீண்டுவிட்டது. நியூயார்க்கில் வரிசையில் நிற்பவர்கள் கைபேசியைப் பார்ப்பார்களே தவிரப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். அன்று அப்படி இல்லை. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் "நீங்கள் முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் "நீங்கள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவார்களே, அதே உரிமை அந்தக் கேள்வியில் இருந்தது. சிலர் 2022 குளிர்காலத்தில் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பின் சிறிய அரங்கில் பார்த்தவர்கள். சிலர் 2012இல் மரியா ஃபிரைட்மன் லண்டனில் முதலில் இயக்கியபோதே பார்த்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற, எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் மட்டும் "1981" என்றார். சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினோம்.

அவர் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்த ஆண்டின் பிளேபில், அதாவது அரங்கில் கொடுக்கும் நிகழ்ச்சிக் கையேடு, இருந்தது. ஓரங்கள் பழுத்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. உறையிலிருந்து வெளியே எடுக்காமல், இரு கைகளாலும் பிடித்தபடியே காட்டினார். அப்போது அவர் கல்லூரி மாணவராம். ஆல்வின் அரங்கில், அதாவது இப்போது நீல் சைமன் பெயரால் வழங்கும் அரங்கில், மலிவான இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இசையும் பாடல்களும் ஸ்டீபன் சோண்ட்ஹைம், கதைவசனம் ஜார்ஜ் ஃபர்த், இயக்கம் ஹால் பிரின்ஸ். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் சோண்ட்ஹைமும் பிரின்ஸும் சேர்ந்து தொட்டதெல்லாம் பேசப்பட்ட காலம் அது. ஃபிராங்க், சார்லி, மேரி என்ற மூன்று நண்பர்களின் நடுவயதில் தொடங்கி இளமையை நோக்கிப் பின்னால் போகும் கதையை முழுக்க முழுக்க இளைஞர்களை வைத்தே நடிக்க வைத்தார்கள். யார் யாராக நடிக்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போகவே, கதாபாத்திரத்தின் பெயரையோ உறவையோ எழுதிய சட்டைகளை அவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை என்றும், காலியான வரிசைகளைப் பார்த்துப் பாடிய அந்தப் பிள்ளைகள் குரலைச் சிறிதும் தாழ்த்தவில்லை என்றும் அவர் சொன்னார். விமர்சனங்கள் வந்த பிறகு 16 காட்சிகளோடு நாடகம் நின்றுபோனது.

பெரியவர் சொன்னதில் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது அதற்குப் பிறகு வந்த செய்திதான். நாடகம் மூடிய கையோடு அந்த இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் எல்லாப் பாடல்களையும் பதிவு செய்தார்கள். மேடை போய்விட்டது, சம்பளமும் போய்விட்டது, ஆனாலும் நன்றாகப் பாடினார்கள். அந்த இசைத்தட்டு வெளிவராமல் போயிருந்தால் இந்த நாடகத்துக்கு ரசிகர் என்று ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் ஊர் ஊராக இதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றினார்கள். சோண்ட்ஹைமும் ஃபர்த்தும் பாடல்களையும் காட்சிகளையும் மாற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மேரியாக நடித்தவர் மரியா ஃபிரைட்மன். இருபது ஆண்டுகள் கழித்து அவரே இயக்குநராகி, மேலும் பத்தாண்டுகள் கழித்து நியூயார்க்குக்கும் கொண்டுவந்தார். பிராட்வேயில் மறுபடி தொடங்கியது 2023 செப்டம்பரில். மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதையும் சேர்த்து நான்கு டோனிகள் கிடைத்தன. அதைப் பார்க்க சோண்ட்ஹைம், பிரின்ஸ், ஃபர்த் மூவரில் ஒருவரும் உயிரோடு இல்லை. பெரியவர் இதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. வரிசையில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன், சார்லியாக நடிக்கும் டேனியல் ராட்கிளிஃபை, அந்த ஹாரி பாட்டர் பையனை, பார்க்கலாம் என்று டிக்கெட் வாங்கி வந்தவன், அவர் தோளில் கை வைத்து, "அவர்களுக்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்களே" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை!

எல்லோரும் நாடகம் முழுவதையும் நினைவு வைத்திருக்கவில்லை, கண்ணம்மா. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கணத்தைத்தான் வைத்திருந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் 'நாட் எ டே கோஸ் பை' பாட்டை மட்டுமே பேசினார். முதல் பாதியில் நீதிமன்ற வாசலில், மணமுறிவின் கசப்போடு ஃபிராங்கின் மனைவி பெத் பாடும் பாட்டு அது. இரண்டாம் பாதியில், ஆண்டுகள் பின்னோக்கிப் போன பிறகு, அதே பாட்டு திருமண உறுதிமொழியாக வருகிறது. முதலில் கண்ணீரைக் கேட்டுவிட்டோம். பிறகுதான் வாக்குறுதியைக் கேட்கிறோம். ஆனால் அந்த ஆசிரியை பார்த்தது மணமக்களை அல்ல. ஃபிராங்கைச் சொல்லாமல் நேசிக்கும் மேரியும் ஓரமாக நின்று அதே வரிகளைப் பாடுகிறாளே, அவளை. தன் நெருங்கிய தோழி ஒருத்தியோடு பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன என்றும், மேரியாக நடித்த லிண்ட்சே மெண்டஸ் அந்த இடத்தில் பாடியதைக் கேட்ட இரவில் அவளுக்குத் தொலைபேசி செய்ததாகவும் சொன்னார். அவள் எடுத்தாளா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரே, "இன்று அவளும் வருகிறாள், ரயிலில் இருக்கிறாள்" என்றார். கதவு திறக்கும் நேரத்தில் மூச்சிரைக்க ஒரு பெண்மணி ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

உள்ளே போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். ஃபிராங்காக நடித்த ஜோனதன் கிராஃப் மேடைக்கு வந்ததும் எழுந்த கைத்தட்டல் அடங்க நேரம் பிடித்தது. ராட்கிளிஃபுக்கும் மெண்டஸுக்கும் அப்படியே. வழக்கமாக நடுவில் இப்படிக் கைதட்டுவது எனக்குப் பிடிக்காது. நாடகத்தின் ஓட்டம் அறுந்துவிடும். அன்று நானும் கை வலிக்கத் தட்டினேன். ஆனால் பாட்டு தொடங்கியதும் அரங்கு அப்படியே அடங்கிவிடும். ஆயிரத்துக்குச் சற்றே குறைந்த இருக்கைகள் கொண்ட அந்தப் பழைய அரங்கில் பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினால்கூடக் கேட்டது.

நான் கவனித்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சோகமான காட்சிகளில் மக்கள் அழவில்லை. மகிழ்ச்சியான காட்சிகளில்தான் அழுதார்கள். மூவரும் தட்டச்சுப் பொறியும் பியானோவுமாக, வாய்ப்புக் கேட்டு அலையும் அந்த வேகமான பாட்டு இருக்கிறதே, தயாரிப்பாளர் முணுமுணுக்கும்படியான மெட்டு வேண்டும் என்று அவர்களைத் துரத்திவிடும் இடம், அதற்கு எப்போதும் சிரிப்புதான் வரும். தன் வாழ்க்கையிலிருந்து நேரடியாக எழுதிய ஒரே பாட்டு அதுதான் என்று சோண்ட்ஹைமே சொல்லியிருக்கிறார். அன்று எனக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். இந்தக் கதையைப் பார்ப்பவர்களுக்கு முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 1976இல் பணமும் புகழும் சூழ நண்பர்களை இழந்து நிற்கும் ஃபிராங்கைப் பார்த்துவிட்டுத்தான், 1957இல் மொட்டை மாடியில் ஸ்புட்னிக்கைத் தேடி வானத்தைப் பார்க்கும் மூன்று இளம்பிள்ளைகளிடம் வந்து சேர்கிறோம். கடைசி நாளில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மாடியில் நின்றவர்களுக்கு எல்லாம் தொடங்குகிறது, இருக்கையில் இருந்தவர்களுக்கு எல்லாம் முடிகிறது. அந்தப் பாட்டு முடிந்ததும் சில நொடிகள் யாரும் தட்டவில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்தோம். மேடையில் நின்ற நடிகர்கள் கண்ணீரை மறைக்க முயலவே இல்லை.

வெளியே வந்த பின்னும் கூட்டம் கலையவில்லை. நடிகர்கள் வெளியே வரும் ஸ்டேஜ் டோர் பக்கம் இரும்புத் தடுப்புகளுக்கு அப்பால் நெருக்கியடித்து நின்றார்கள். கையெழுத்துக்காக நின்றவர்கள் சிலர்தான். மற்றவர்கள் பேச்சு முடியாததால் நின்றார்கள். எனக்கு உன் தாத்தா ஊர்க் கூத்து நினைவுக்கு வந்தது. பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளம் முடிந்த பிறகு, யார் பீமன் வேஷம் கட்டினார், யார் குரல் கடைசிவரை நின்றது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே பாரதம் மறுபடியும் நடக்கும் என்ற நம்பிக்கை உண்டு. இங்கே அடுத்த நாடகத்துக்காக மேடையைக் காலி செய்துவிடுவார்கள். இதே நடிகர்கள் இதே வேடங்களில் இனி வரப்போவதில்லை. அதனால்தான் அன்று எல்லோரும் அவ்வளவு அவசரமாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

படத்தை நானும் பார்த்தேன். நெருக்கத்தில் அந்த முகங்களைப் பார்க்கக் கிடைத்தது பெரிய பாக்கியம். பால்கனியில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்திருக்கவே முடியாது. எந்த ஊரில் இருக்கும் பிள்ளையும் இனி இதைப் பார்க்கலாம் என்பது, 16 காட்சிகளில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஒரு படைப்புக்குக் கிடைத்த நியாயம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் படத்தில் கேமரா முடிவு செய்கிறது. அரங்கில் அதை முடிவு செய்தது உன் கண்.

2023 டிசம்பர் விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது நாம் இருவரும் போனோமே, அன்று நீ என்ன பார்த்தாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொலைக்காட்சிப் பேட்டிக் காட்சியில் சார்லியாக வந்த ராட்கிளிஃப் மூச்சுவிடாமல் பாடி, நண்பனின் பணத்தாசையை ஊரறியப் போட்டு உடைக்கிறார். அரங்கமே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபிராங்கையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாய். முதலில் அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்க்கிறார், பிறகு சிரிப்பு வாயில் மட்டும் நிற்கிறது, பிறகு அதுவும் போய்விடுகிறது என்று படிப்படியாக விவரித்தாய். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசி நாளில் நீ சொன்னதற்காகவே அந்தப் பாட்டு முழுவதும் நான் கிராஃபையே பார்த்தேன். நீ சொன்னது அப்படியே இருந்தது. சார்லி சொல்வதெல்லாம் உண்மை, ஆனாலும் அந்த மனிதரை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று எனக்கு இருந்தது.

இதை வரிசையில் நின்ற பெரியவரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து நாங்கள் அவ்வப்போது மின்னஞ்சலில் எழுதிக்கொள்கிறோம். படம் வந்த பிறகு அவர் எழுதியதில், 1981இல் தான் பார்த்ததையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதி வருவதாகவும், படத்தின் காட்சிகள் தன் பழைய நினைவுகளின் மேல் படிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தார். எனக்கு அது மிகச் சரியான யோசனையாகப் பட்டது. நீயும் அந்த டிசம்பர் இரவை எழுதி வை. நடிப்பைப் பற்றிய அபிப்பிராயம் வேண்டாம், அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நம் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள், இடைவேளையில் என்ன பேசினோம், எந்த இடத்தில் என் கையைப் பிடித்தாய் என்பதை எழுது. படத்தை இரண்டாம் முறை பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். முடிந்தால் அதற்கு முன்பே எழுதிவிடு.

தமிழிலேயே எழுதி அனுப்பு, பெரியவருக்கு அதை ஆங்கிலத்தில் நான் எழுதிக்கொள்கிறேன். பேட்டிக் காட்சியில் ஃபிராங்கையே பார்த்த அந்தப் பெண் அதை எழுதி வைத்திருக்கிறாளா என்று அந்தப் பெரியவர் சென்ற வாரம்தான் மறுபடியும் கேட்டிருந்தார்.

அன்புடன்,
அம்மா